ஐந்து வருடம், 94,000 கிலோமீட்டர், மூன்று ரீகால் கடிதங்கள்

ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன், வண்டி கேட்கவில்லை. இன்ஜின் நின்றுபோனது உடனே உறைக்கவில்லை. ஏசி காற்றின் இரைச்சல் அப்படியே வந்துகொண்டிருந்தது. நான்கு வழிச் சாலை, லேசான ஏற்றம், பின்னால் ஒரு லாரி. பக்கத்தில் மாமனார், நடு வரிசையில் பிள்ளைகள், கடைசி வரிசையில் நாத்தனாரும் அவள் மகனும். டேஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது. ஸ்டியரிங் திரும்பியது. அது மின் மோட்டாரில் ஓடுவது, பேட்டரி இருக்கும்வரை திரும்பும். பிரேக்கைத்தான் யோசித்து மிதிக்க வேண்டும். இன்ஜின் நின்றபிறகு, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டினேன்.

"என்னம்மா, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்றார் மாமா. முள் பாதிக்கு மேலே நின்றது.

பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால், எதுவும் நடக்காததுபோல ஓடியது. ஓடோமீட்டரில் 41,312.

இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் கையுறைப் பெட்டியில் கிடக்கும் ஒரு நோட்டு. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். தேதி, எண், என்ன பார்த்தேன் என்று எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதன் நோய் வரலாறு முழுக்க அதில் இருக்கிறது. ஏழு சீட், 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், கூரை முழுக்கக் கண்ணாடி. கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த வகை வண்டி எதிலும் வரக்கூடியவை. பெயர் போட்டால், படிப்பவர்களில் பாதிப் பேர் "நல்லவேளை, நம்மது வேற" என்று போய்விடுவார்கள்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். "எரர் கோடு எதுவும் வரல மேடம். பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து முதல் ரீகால் கடிதம், அதாவது குறையுள்ள வண்டியைக் கம்பெனியே திரும்ப அழைக்கும் கடிதம், வந்தது: டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும், வண்டி ஓடும்போதே இன்ஜின் நிற்க வாய்ப்புண்டு. தண்ணீர் கலந்த கதை சொன்ன அதே அட்வைசர்தான் வேலைச் சீட்டும் போட்டார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பம்புக்குள் இம்பெல்லர் என்று ஒரு பிளாஸ்டிக் சக்கரம், கிட்டத்தட்டப் பெரிய சட்டைப் பொத்தான் மாதிரி. அந்தப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி குறைவாக அமைந்துவிட்டால் நாளடைவில் பெட்ரோலை உறிஞ்சி உப்பிவிடும். உப்பினால் கூட்டில் உரசும், உரசினால் இறுகும், இறுகினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. கொஞ்ச நேரம் நின்று சூடு தணிந்தால் சிலசமயம் மறுபடி சுற்றும். என் வண்டி பத்து நிமிடத்தில் உயிர்த்தது அப்படித்தான். என்னுடையது வேறு கம்பெனி என்றாலும், டென்சோ தயாரித்த பம்புகளில் இதே சங்கதி வெடித்து 2020 முதல் டொயோட்டாவும் ஹோண்டாவும் லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தன.

ரீகால் என்றதும் வீட்டில் ஒரே புலம்பல், மட்டமான வண்டியை வாங்கிவிட்டோம் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் கூடத்திலும் ஒரு பேட்ச் ரசாயனம் சரியில்லை என்றால் கம்பெனியே திருப்பிக் கேட்கும். திருப்பிக் கேட்கிறவர்களை நாங்கள் நம்புவோம். மூச்சே விடாமல் இருப்பவர்களைத்தான் சந்தேகப்படுவோம்.

ஆனால் பழுது பார்ப்பதில் கவனம் வேண்டும். பம்பை எடுக்க நடு வரிசை சீட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை விலக்கி, ஒரு வட்ட மூடியைக் கழற்றுகிறார்கள். இரண்டு மணி நேர வேலை. மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது சின்னவள், "அம்மா, பங்க் வாசனை வருது" என்றாள். மூக்கைச் சீட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தால் உண்மைதான். திரும்ப ஓட்டிப் போனால், மூடியின் ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடிந்து உட்கார்ந்திருந்தது. பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் பம்பு மாற்றியவர்கள் யாராக இருந்தாலும், டேங்கை நிரப்பிவிட்டு ஒருமுறை கதவுகளை மூடிவைத்து, அரை மணி கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஸ்கேனருக்கு மூக்கு கிடையாது.

இரண்டாவது, மூன்றாவது கடிதங்கள் இரண்டும் ஒரே குறைக்கு வந்தவை: ரிவர்ஸ் கேமரா. கியர் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும், நாலைந்து நொடி கழித்துத்தான் படம் வரும். எனக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். தினமும் உயிரை வாங்கும் கியர்பாக்ஸ் உதறலுக்கு ரீகால் இல்லை, இதற்கு மட்டும் இரண்டு கடிதமா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. தேடிப் படித்தபிறகுதான் விளங்கியது. அமெரிக்காவில் 2018 மே முதல் புது வண்டிகளுக்கு ரிவர்ஸ் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் போட்ட இரண்டு நொடிக்குள் படம் வந்தாக வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. விதியில் அளவு இருந்தால் மீறலை அளந்து காட்டலாம், கம்பெனி தப்ப முடியாது. கியர்பாக்ஸ் எவ்வளவு உதறலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. உலகச் சந்தைக்கு ஒரே திரையைச் செய்கிறவர்கள் ஒரு நாட்டில் மாட்டிக்கொண்டால் மற்ற நாட்டிலும் கடிதம் போடுகிறார்கள்.

முதல் தடவை சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். மூன்று வாரம் ஒழுங்காக வந்தது, அப்புறம் பழையபடி கறுப்பு. ஒன்பது மாதம் கழித்து வந்த கடிதத்துக்குப் பிறகுதான் கேமராவின் வயரையும் கனெக்டரையும் மாற்றினார்கள். டெயில்கேட், அதாவது பின்கதவு, திறந்து மூடும் இடத்தில் வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருந்தது. அறுந்த வயருக்கு சாஃப்ட்வேர் என்ன செய்யும்?

இது சின்ன விஷயம். பெரிய விஷயத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2022ல் ஃபோர்டு தன் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் 2,52,936ஐத் திரும்ப அழைத்தது. பின் அச்சைத் தாங்கும் போல்ட் முறியலாம், முறிந்தால் பார்க்கிங்கில் போட்ட வண்டி உருளலாம் என்பது குறை. அதற்குச் சொன்ன தீர்வு, அந்த மாதிரி நேரத்தில் பார்க்கிங் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் சாஃப்ட்வேர். போல்ட் அப்படியே இருந்தது. உரிமையாளர்கள் புகார் எழுப்ப, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2023ல் விசாரணையைத் தொடங்க, அதற்கப்புறம் அதே ஆண்டில் பாகங்களை மாற்றும் ரீகால் ஒன்று வந்தது. ஆகவே கடிதம் வந்தால் நான் முதலில் தேடுவது குறை என்ன என்பதையல்ல, தீர்வு என்ற தலைப்பின் கீழே என்ன போட்டிருக்கிறது என்பதை. அடுத்துப் பார்ப்பது, அதுவரை எப்படி ஓட்டச் சொல்கிறார்கள் என்று. 2024 ஜூனில் கியா 4,62,869 டெல்லுரைடு வண்டிகளுக்கு அனுப்பியதைப் படித்தால் வித்தியாசம் புரியும். முன் சீட்டை நகர்த்தும் மோட்டார் சூடேறித் தீப்பிடிக்கலாம், வீட்டைவிட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்துங்கள் என்றார்கள். அப்படிச் சொன்னால் அன்றைக்கே வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். என் கேமராக் கடிதம் மாதிரி "வசதிப்படும்போது வரவும்" என்றால் அடுத்த ஆயில் மாற்றும்வரை பொறுக்கலாம்.

இனி கடிதம் வராத குறைகள். என் நோட்டில் அதிகப் பக்கம் தின்றவை இவைதான்.

கியர்பாக்ஸ்: உலர் கிளட்ச் இரண்டு. நெரிசலில் ஊர்ந்து போகும்போது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் இடத்தில் வண்டி விக்கல் எடுக்கும். வெயில் நாளில் இருபது நிமிட நெரிசல் என்றால் "கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது" என்ற எச்சரிக்கையும் வரும். பிரேக்கிலிருந்து காலை அரைகுறையாக எடுத்து ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேயும். முன்னால் இரண்டு வண்டி இடம் விட்டு, நகர்வதென்றால் ஒழுங்காக நகர்ந்து, நிற்பதென்றால் முழுக்க நின்றால் பாதி உதறல் குறையும். குறுக்கே எவனாவது நுழைவான், நுழையட்டும். சர்வீஸில் நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் "இந்த டைப் கியர்பாக்ஸ்ல இது நார்மல் மேடம்" என்ற பதில்தான். ஒருமுறை அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாழாய்ப்போன வண்டி அன்றைக்கு வெண்ணெயாக ஓடியது.

கண்ணாடிக் கூரை: முதல் பெருமழையில் மாமாவின் முழங்காலில் சொட்டு விழுந்தது. கூரைக் கண்ணாடி தண்ணீரை முழுக்கத் தடுப்பதே இல்லை, சுற்றியுள்ள கால்வாயில் விழுகிற தண்ணீரை நாலு மூலையில் உள்ள மெல்லிய குழாய்கள் கீழே இறக்குகின்றன. இலைத்தூள் சேர்ந்து குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும். கூரையைத் திறந்து, முன் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். முன் சக்கரத்தின் பக்கம் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் அடைப்பு. தடித்த தூண்டில் நரம்பை விட்டு மெல்லத் தள்ளினால் கறுப்பாக ஒரு களிம்பு வெளியே வரும். காற்றழுத்தக் குழலை வைத்து ஊத விடாதீர்கள், கீழே குழாய் இணைப்பு கழன்றுகொண்டால் கார்ப்பெட்டுக்கு அடியில் குளம்தான். எங்களுக்கு அதுவும் நடந்தது, இரண்டாவது சர்வீஸில். வருடத்துக்கு இரண்டு தடவை இப்போது நானே செய்துகொள்கிறேன்.

ஆயில்: இதை யாரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தது. தொட்டு முகர்ந்தால் பெட்ரோல். சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களில், இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடும் குட்டிப் பயணமாகவே ஓட்டினால், எரியாத பெட்ரோல் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். பள்ளி, ஆபீஸ், கடை என்று என் ஓட்டமெல்லாம் நாலு கிலோமீட்டர். இப்போது வாரத்துக்கு ஒருநாள் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுகிறேன், ஆயிலைக் கையேட்டில் உள்ள தூரத்துக்குப் பாதியிலேயே மாற்றுகிறேன். அளவு ஏறுவது நின்றது.

மற்றபடி, மூன்றாம் வரிசை பெரியவர்களுக்கு ஆகாது. தொடுதிரை மாதத்துக்கு ஒருமுறை உறையும். டயர் காற்றழுத்த விளக்கு குளிர்ந்த காலைகளில் காரணமில்லாமல் மிரட்டும். அந்த விளக்கை மட்டும் திட்ட மனம் வரவில்லை. எக்ஸ்ப்ளோரரில் பொருத்தியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே தோலுரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, 100க்கும் மேற்பட்டோர் செத்தபிறகு 2000ல் அமெரிக்காவில் போட்ட சட்டத்தின் பிள்ளை அது.

இதே வகையைப் பழைய வண்டியாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போய்ப் பரணில் தூங்கும். வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது, எனவே ஓ மாதிரித் தெரிந்தால் அது பூஜ்யம். இது தெரியாமல் நான் மூன்று தடவை "வண்டி இல்லை" என்ற பதிலை வாங்கினேன். பத்து வருடத்துக்கு மேலான வண்டி என்றால் டகாட்டா ஏர்பேக் மாற்றியாயிற்றா என்பதே முதல் கேள்வி. அதிலுள்ள அமோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் பல வருடம் கிடந்தால் கெட்டு, வெடிக்கும்போது உலோகச் சில்லைத் தெறிக்க விடும். உலகம் முழுக்கப் பத்துக் கோடி அளவில் திரும்ப அழைத்தும் மாற்றாத வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

எங்கள் வண்டிக்கு ஐந்துக்கு மூன்றரை போடுவேன். பம்புக்காகக் குறைக்கவில்லை, அதை அவர்களே ஒத்துக்கொண்டு மாற்றினார்கள். குறைத்த ஒன்றரையும் "நார்மல் மேடம்" என்ற சொல்லுக்கு.

நீட்டித்த வாரன்டி 1,00,000 கிலோமீட்டரில் முடிகிறது, இன்னும் ஆறாயிரம் பாக்கி. போன வெள்ளிக்கிழமை நெரிசலில் விக்கல் வந்தபோது பெரியவன் பின்சீட்டிலிருந்து போனில் பிடித்துவிட்டான். ஓடோமீட்டர், எச்சரிக்கை, உதறல் மூன்றும் ஒரே படத்தில் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை ஐந்தாவது தடவையாகப் போகிறேன்.