எதிர்ப்பு, பணிவு, கூட்டு: லாட்கேலியர் நிலத்தின் மூன்று ஆட்சியாளர்கள்

1201-இல் ஜெர்மானிய ஆயர் ஆல்பர்ட், இன்றைய லாட்வியாவின் தலைநகரான ரீகாவை நிறுவினார். மறு ஆண்டே வாள் சகோதரர் என்ற ஜெர்மானியத் துறவி-வீரர் படை உருவானது. இன்றைய கிழக்கு லாட்வியாவில் வாழ்ந்த லாட்கேலியர் அதுவரை போலட்ஸ்க், பிஸ்கோவ் போன்ற ரஷ்ய நகரங்களுக்குத் திறை கட்டிவந்தவர்கள். இனி யார் பக்கம் சாய்வது?

டௌகாவா ஆற்றங்கரைக் கோட்டையான கோக்னெசேயின் ஆட்சியாளர் வெட்சேகே முதலில் ஆயரோடு பேரம்தான் பேசினார். லித்துவேனியரிடமிருந்து காப்பாற்றினால் கோட்டையிலும் நிலத்திலும் பாதி தருவதாக 1207-இல் ஒப்புக்கொண்டார். 1208-இல் கோட்டையைச் செப்பனிட ஆயர் 20 பேரை அனுப்பினார். அவர்கள் வாளைக் கரையில் வைத்துவிட்டு அகழி வெட்டிக்கொண்டிருந்தபோது வெட்சேகேயின் ஆட்கள் பாய்ந்தார்கள். 17 பேர் செத்தார்கள், மூவர் தப்பினார்கள். கைப்பற்றிய நல்ல குதிரைகளையும் கவசங்களையும் வெட்சேகே போலட்ஸ்க் அரசனுக்கு அனுப்பிப் படை கேட்டார். ஆயருக்காகப் போரிட வந்த சிலுவை வீரர்கள் ஊர் திரும்பக் கப்பலேறிவிட்டார்கள், ரீகாவில் ஆளில்லை என்பது அவர் கணக்கு. ஆனால் எதிர்க்காற்றில் கப்பல்கள் ஆற்று முகத்திலேயே நின்றிருந்தன. சுமார் 300 பேர் திரும்பிவிட்டார்கள். போலட்ஸ்க்கிலிருந்து படை வரவில்லை. தன் கோட்டைக்குத் தானே தீ வைத்துவிட்டு அவர் வெளியேறினார். 1224-இல் எஸ்தோனியாவின் தார்த்து முற்றுகையில் போரிட்டு மடிந்தார்.

டௌகாவாவின் இன்னும் மேலே இருந்த யெர்சிகாவின் ஆட்சியாளர் விஸ்வால்டிஸ், ஒரு லித்துவேனியத் தலைவரின் மகளை மணந்தவர். அந்த உறவே 1209-இல் ஆல்பர்ட்டின் தாக்குதலுக்குக் காரணமானது. கோட்டை எரிந்தது, மனைவி சிறைப்பட்டார். ரீகா சென்று பணிந்தவருக்கு நாட்டின் ஒரு பகுதி, ஆயருக்குக் கீழ்ப்பட்டவர் என்பதற்கு அடையாளமான மூன்று கொடிகளோடு, மானியமாகத் திரும்பக் கிடைத்தது. அவுதினெ, செஸ்வைனெ போன்ற பகுதிகள் கைவிட்டுப் போயின. பணிந்ததால் பாதுகாப்பு வந்துவிடவில்லை. 1214-இல், இப்போது ஜெர்மானியர் கையில் இருந்த கோக்னெசேயின் வீரர்கள் யெர்சிகாவை மறுபடி சூறையாடினார்கள்.

வடக்கே இருந்த தாலவாவின் கணக்கு வேறு. அங்கே அன்றாட எதிரி, தென்கிழக்கு எஸ்தோனியாவின் உகௌனியப் பகுதி எஸ்தோனியர். 1208 முதலே தாலவாவின் தலைவர் தாலிவால்டிஸ் ஜெர்மானியரோடு சேர்ந்து போரிட்டார். பிஸ்கோவுக்குத் திறை கட்டிய குடும்பம் அது. 1214-இல் அவருடைய மகன்கள் ரஷ்யரின் ஆர்த்தடாக்ஸ் சபையிலிருந்து ரீகாவின் லத்தீன் (கத்தோலிக்க) திருச்சபைக்கு மாறி, இரண்டு குதிரைக்கு ஓர் அளவை தானியம் என ஆண்டு வரி ஏற்றார்கள். 1215-இல் எஸ்தோனியர் தாலிவால்டிஸைப் பிடித்து, வெள்ளி எங்கே என்று கேட்டு நெருப்பில் வதைத்துக் கொன்றார்கள்.

மூன்றில் தாலவாவின் முடிவுதான் அறிவுள்ளது என்பேன். திறை வாங்கியவர்கள் ஆபத்தில் வரவில்லை. போலட்ஸ்க் அரசனே 1212-இல் ரீகாவைச் சுற்றிய லிவோனிய நிலத்தின் திறையை ஆல்பர்ட்டுக்கு விட்டுக்கொடுத்தான். ரீகாவோ ஆளையும் ஆயுதத்தையும் களத்துக்கு அனுப்பியது. ஆனாலும் 1224-இல் தாலவாவைப் பங்கு போட்டபோது மூன்றில் இரண்டு பங்கு ஆயருக்கும், ஒரு பங்கு வாள் சகோதரருக்கும் போனது.