கிராஸ் மட்டுமா, முழு ஷாஃப்ட்டா? பழைய பிக்கப்புக்கு எது சரி

ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது அடியில் 'டங்' என்று கேட்டால், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் (யூ-ஜாயிண்ட்), கூட்டல் குறி வடிவில் இருக்கும் கிராஸ் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். மெதுவாகப் போகையில் எலி போலக் கீச்சிட்டால் கிராஸின் நான்கு முனையிலும் மாட்டியிருக்கும் கப்புக்குள் கிரீஸ் காய்ந்துவிட்டது. பாரத்தோடு கிளம்பும்போது மட்டும் வண்டி உதறினால் ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரைப் பாருங்கள்.

கடைக்குப் போனால் முதல் கேள்வி, கிரீஸ் அடிக்கும் நிப்பிள் வைத்த கிராஸா, சீல் போட்டதா என்பதுதான். சீல் கிராஸுக்குள் கிரீஸ் போகத் துளை போடுவதில்லை, அதனால் உடம்பு கெட்டி, கவனிக்காமல் விட்டாலும் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் தண்ணீரோ மணலோ உள்ளே போய்விட்டால் வெளியே தள்ள வழியே இல்லை. நிப்பிள் உள்ளதில் புது கிரீஸ் அடித்தால் நான்கு கப்பின் ஓரத்திலும் பழசு பிதுங்கி வரும், அழுக்கும் அதோடு போகும். செங்கல் சூளைக்கும் வயல் பாதைக்கும் போகிற வண்டிக்கு என் ஓட்டு நிப்பிளுக்குத்தான், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது கிரீஸ் கன்னை எடுப்பீர்கள் என்றால். எடுக்க மாட்டீர்கள் என்றால் சீல் கிராஸே மேல்.

கிராஸ் மட்டும் மாற்றுவதா, முழு ஷாஃப்ட்டையே மாற்றுவதா என்பதை, கிராஸைப் பிடித்திருக்கும் கவை போன்ற யோக்கின் துளைதான் சொல்ல வேண்டும். கப் உள்ளே இறுக்கமாகப் போகிறதா, கப்பை நழுவாமல் பிடிக்கும் லாக் உட்காரும் பள்ளம் உடையாமல் இருக்கிறதா, ஷாஃப்ட் நீண்டு குறுகும் பல் இணைப்பான ஸ்பிளைனில் ஆட்டம் இல்லையா? அப்படியானால் கிராஸ் போதும், செலவும் பெரிதாக ஆகாது. கப் லொடலொடவென்று இருந்தால் சில பட்டறைகளில் இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்து நிறுத்தித் தருவார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்தச் சூட்டில் சீலும் கிரீஸும் கருகி, புது கிராஸ் பட்டறையிலேயே பாதி செத்துவிடும். அந்த நிலைக்கு வந்த ஷாஃப்ட்டை மாற்றிவிடுவதுதான் சரி.

காயலான் கடை ஷாஃப்ட்? விலை ஆசை காட்டும். ஒரே மாடலிலும் வீல்பேஸ் மாறினால் நீளம் மாறும், பேலன்ஸுக்கு ஒட்டிய சின்னத் தகடு விழுந்திருந்தாலோ குழாய் லேசாக நசுங்கியிருந்தாலோ வேகத்தில் அதிரும். பேலன்ஸ் பார்த்துத் தர ஆள் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

சென்டர் பேரிங்கில் எனக்குக் குழப்பமே இல்லை. பேரிங் தனியாக மலிவுதான், ஆனால் அதை மட்டும் மாற்றினாலும் முழு செட்டை மாற்றினாலும் கழற்றுகிற வேலை ஒன்றே, பழைய ரப்பர் கிழிந்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். ரப்பர், பிராக்கெட்டோடு முழு செட்டாக வாங்குங்கள்.

கழற்றும் முன் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஷாஃப்ட் போனபின் கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. ஸ்பிளைனிலும், போல்ட் போடும் தட்டான பிளாஞ்சிலும் பெயின்ட் கோடு போடுங்கள், திரும்ப மாட்டும்போது பழைய இடத்திலேயே உட்காரட்டும். சாய்வாக மடங்கிய நிலையில் சுற்றும்போது ஒரு ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், அதை அடுத்த ஜாயிண்ட் சமன் செய்கிறது. ஸ்பிளைன் ஒரு பல் மாறி ஏறினால் அந்தக் கணக்கு கெட்டு, புது சாமான் போட்டும் அதிர்வு நிற்காது.

மாட்டும் முன் ஜாயிண்ட்டைக் கையால் எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகினால் யோக்கின் காதைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், கப் லாக் வரை நகர்ந்து இளகிவிடும். அப்படியும் இளகவில்லையா, கப்புக்குள் வரிசையாக நிற்கும் ஊசி போன்ற உருளைகளில் (நீடில்) ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் கிடக்கிறது, திரும்பக் கழற்றத்தான் வேண்டும்.