மஞ்சள் பியோனி என்று வாங்கினேன், நாலு வருசம் கழித்து ரோஸ் நிறத்தில் பூத்தது

செப்டெம்பர் வருகிறது, பியோனி என்ற பெரிய பூச்செடியின் கிழங்கு நடுகிற காலம். கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வட்சப் குழுக்களில் "பார்ட்செல்லா, மூன்று மட்டும் மிச்சம்" என்ற மஞ்சள் பியோனி விளம்பரம் இந்தக் கிழமையும் ஓடுகிறது. 2021இல் நான் பார்த்து மயங்கினதும் அதே மஞ்சள் பூப் படம்தான். ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசின நகம் ஒன்று தெரியும்.

அந்த வருசம் மூன்று கிழங்கு வாங்கினேன். ஒன்று 85 டொலர், மொத்தம் 255. கராஜில் வைத்து விற்றவர் எங்கட ஆள், நல்லாய்க் கதைப்பார். "அக்கா, இது சும்மா பியோனி இல்லை. இட்டோ எண்டு ஒரு ஜப்பான்காரன் 1948இல மரப் பியோனியையும் செடிப் பியோனியையும் சேர்த்து உண்டாக்கின இனம். பாவம், பூவைப் பாக்காமலே 1956இல செத்துப் போனான்." வீட்டுக்கு வந்து தேடினேன், உண்மை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரொஜர் அண்டர்சன் உருவாக்கின பார்ட்செல்லா 1986இல் பதிவானது என்றாரே, அதுவும் உண்மை. கதை சரியாக இருந்ததால் கிழங்கும் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேரே இ-ட்ரான்ஸ்பரில் காசு போட்டேன்.

கிழங்கு காய்ந்த மரத்தூளுக்குள், பிளாஸ்ரிக் பையில் கிடந்தது. சுட்டுவிரல் மொத்தம். இரண்டில் ஒவ்வொரு கண் (முளை வருகிற மொட்டு), மற்றதில் இரண்டு. நல்ல பியோனித் துண்டு என்றால் மூன்று முதல் ஐந்து கண் இருக்க வேணும். இஞ்சி நட்டுப் பழகின எனக்கு ஒரு கண் போதாதா என்றுதான் பட்டது.

"எவ்வளவு ஆழம் தம்பி?"

"அரை அடியில தாட்டு விடுங்கோ அக்கா. கனடாக் குளிர் எல்லே."

ஊரில் இராசவள்ளிக்குக் குழி வெட்டினவளுக்கு இது நியாயமாகத்தானே தெரியும்? ஆனால் என்னை நாலு வருசம் ஏமாற்றினது இந்த ஒரு வசனம்தான். பியோனியின் கண் மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் இலை செழிக்கும், பூ வராது. குளிர் அதற்குப் பகையே இல்லை. மாரி முழுக்கக் குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் மொட்டு வரும். ஆழத்தில் தாட்ட செடி சாகவும் மாட்டாது, பூத்துத் தன் நிறத்தைக் காட்டவும் மாட்டாது. தெரிந்து சொன்னாரா, அவருக்கே தெரியாதா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

2022இல் இலை மட்டும். "பியோனிக்குப் பொறுமை வேணும் அக்கா." 2023இலும் இலை. "இன்னும் ஒரு வருசம் பாருங்கோ." அதையும் பொய் என்று சொல்ல ஏலாது. நட்ட கிழங்கு ஒழுங்காகப் பூக்க இரண்டு மூன்று வருசம் எடுக்கும்தான். அதற்குள் யார் காசைத் திருப்பித் தரப் போகிறார்கள்?

கடைசியில் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவிதான் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தா. அந்தச் செப்டெம்பரில் தோண்டி, மேலே தூக்கி நட்டேன். 2025 யூனில் மொட்டு. எறும்பு மொய்த்ததைக் கண்டு அம்மா மஞ்சள் தூளோடு ஓடி வந்தா. (தேவையில்லை. மொட்டில் ஊறும் தேனுக்கு வருகிற எறும்பு, பூவுக்கு ஒன்றும் செய்யாது.) விரிந்தது மென்ரோஸ் நிறம். மூன்றும். சாரா பெர்ன்ஹார்ட் போலிருக்கிறது, 1906இல் வந்த பழைய வகை. பெரிய கடைகளில் வசந்தத்தில் பெட்டியில் போட்டு மலிவாக விற்பார்கள்.

படம் அனுப்பினேன். "மண்ணைப் பொறுத்து நிறம் மாறும் அக்கா" என்றார். மண்ணுக்கு நிறம் மாறுவது ஹைட்ரேஞ்சியா. பியோனி மாறாது. அதை எழுதி அனுப்ப முதலே என்னை புளொக் பண்ணிவிட்டார்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். பூவுக்காகக் காத்திருந்திருக்கவே தேவையில்லை. இட்டோ இனத்தின் இலை மரப் பியோனியின் இலை மாதிரி ஆழமாய்ப் பிளந்திருக்கும். இலையுதிர் காலத்தில் தண்டை வெட்டினால் அடியில் மரம் போன்ற கட்டை மிஞ்சும், அதில் கண்ணும் இருக்கும். செடிப் பியோனி மண்மட்டம் வரை செத்துப் போகும். 2022 ஒக்ரோபரில் நான் வெட்டினபோது ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போதே பிடித்திருக்கலாம். உங்களிடம் அவர் விற்ற செடி இருந்தால் இப்போதே இலையைப் படம் எடுத்து வையுங்கள்.

அதே கராஜில் "ஃப்ளொக்ஸ்" என்று ஊதாப்பூச் செடியும் வாங்கியிருந்தேன். இதழை எண்ணினால் நாலு. ஃப்ளொக்ஸுக்கு ஐந்து. வந்தது டேம்ஸ் ரொக்கெற், ஒன்ராறியோவின் காட்டோரங்களில் பரவித் தொல்லை கொடுக்கிற செடி. விதை கொட்ட முதல் பிடுங்கிப் போட்டேன்.

இந்த மாதம் வாங்குகிறவர்கள் பையைத் திறந்து கண்ணை எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள். வகையின் பெயர் எழுதின பற்றுச்சீட்டு கேளுங்கள், கிரெடிட் கார்ட்டில் கட்டுங்கள். இ-ட்ரான்ஸ்பர் காசை அவர் எடுத்த பிறகு வங்கியில் போய் அழுது பிரயோசனம் இல்லை.

ஆள் இப்போது வேறு பெயரில், வேறு குழுவில் இருக்கிறார். படத்தை மட்டும் மாற்றவில்லை. நகத்தைப் பாருங்கள்.