டிரிகர் உணவைக் கண்டுபிடிக்கும் கருவிகள்: எது கைகொடுக்கும், எதற்குச் செலவு வீண்

எடை குறைக்க முயல்பவர்களுக்கென்று வரும் செயலிகளும் சாமான்களும் பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: இன்று எத்தனை கலோரி? டிரிகர் உணவு, அதாவது தொட்டால் நினைத்த அளவோடு நிறுத்த முடியாத உணவு விஷயத்தில் அது போதாது. இரண்டு பிஸ்கட் போதும் என்று எடுத்தவர் பாக்கெட் காலியான பிறகுதான் நிறுத்துகிறார் என்றால், எடுக்க நினைத்த அளவுக்கும் உள்ளே போன அளவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். இந்த மதிப்புரைக்கு எங்கள் அளவுகோல் அது ஒன்றுதான். நான்கு செயலிகள், ஒரு சாதாரண நோட்டு, சமையலறைத் தராசு, நேரம் வைத்துப் பூட்டும் டப்பா, சின்னப் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் அதை வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

கலோரிக் கணக்குச் செயலியான மைஃபிட்னஸ்பால் 2005-இல் தொடங்கியது. அதன் உணவுப் பட்டியல் மிகப் பெரியது. பலமும் பலவீனமும் அதுவேதான். பட்டியலில் பெரும்பகுதி பயனர்களே சேர்த்தது என்பதால் ஒரே பொருளுக்குப் பல பதிவுகள் வரும். 100 கிராமுக்கான எண்ணை ஒரு பரிமாறலுக்கான எண்ணாக யாரோ ஏற்றிவைத்ததும் அவற்றில் இருக்கும். பாக்கெட் லேபிளோடு ஒத்துப்பார்க்காமல் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. பார்கோடு ஸ்கேன் 2022 அக்டோபரில் கட்டணப் பிரிவுக்குப் போய்விட்டது. அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு உணவுக்கும் நேரம் குறிக்கும் வசதியும் கட்டணத்தில்தான் இருக்கிறது. நேரம் இல்லாத பதிவில் டிரிகரைத் தேட முடியாது. மாலை நான்கு மணிக்குச் சாப்பிட்ட சாக்லேட்டும் இரவு பதினொன்றுக்குச் சாப்பிட்ட சாக்லேட்டும் ‘ஸ்நாக்ஸ்’ என்ற ஒரே பெட்டிக்குள் போய் விழுந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அன்றைய வரம்பைத் தாண்டியதும் மீதிக் கலோரி சிவப்பில், கழித்தல் குறியோடு தெரியும். ‘இன்றைக்கு எப்படியும் கெட்டுவிட்டது, மீதியையும் சாப்பிட்டுவிடலாம்’ என்ற எண்ணம் பிறக்கும் இடம் அதுதான். டயட்டில் இருப்பவர்கள் ஒருமுறை வரம்பு மீறியதும் குறைத்துக்கொள்வதற்குப் பதிலாகக் கூடுதலாகச் சாப்பிடுவதை ஹெர்மன், போலிவி போன்ற ஆய்வாளர்கள் 1970-களிலேயே காட்டிவிட்டார்கள். டிரிகர் தேடும் நாட்களில் தினசரிக் கலோரி இலக்கைக் கண்ணில் படாமல் வைப்பது நல்லது.

இன்னொரு கலோரிச் செயலியான குரோனோமீட்டர் இந்த வேலைக்கு ஒரு படி மேல். தரவு பெரும்பாலும் சரிபார்க்கப்பட்ட மூலங்களிலிருந்து வருகிறது, பார்கோடு ஸ்கேன் இலவசம், அன்றைய பதிவுக்குள் குறிப்பும் எழுதலாம். நேரத்தைத் தானாகக் குறிக்க இதிலும் கட்டணம் உண்டு என்றாலும், ‘இரவு 10.40, பாக்கெட்டோடு, டிவி முன்’ என்று குறிப்பில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. சர்க்கரை, சோடியம், கொழுப்பு மூன்றையும் ஒரே திரையில் பார்க்கலாம். அது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கை நிற்காத உணவுகளுக்குப் பொதுவான ஒரு சேர்மானம் இருக்கிறது. 2019-இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபசினோவின் குழுவினர் அதை எண்ணாகவே வரையறுத்தார்கள். கொழுப்பும் உப்பும் சேர்ந்தது முதல் வகை: மொத்தக் கலோரியில் 25 சதவீதத்துக்கு மேல் கொழுப்பிலிருந்து, எடையில் 0.30 சதவீதமாவது சோடியம். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது இரண்டாவது: இரண்டுமே கலோரியில் 20 சதவீதத்துக்கு மேல். மூன்றாவது மாவுச்சத்தும் உப்பும்: நார்ச்சத்தையும் சர்க்கரையையும் கழித்த பிறகு மாவுச்சத்து கலோரியில் 40 சதவீதத்துக்கு மேல், சோடியம் எடையில் 0.20 சதவீதமாவது.

லேபிளை வைத்து இதைக் கணக்கிட ஒரு நிமிடம் போதும். 100 கிராம் சிப்ஸில் 536 கலோரி, 35 கிராம் கொழுப்பு, 525 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி; 35 × 9 = 315. அது 536-இல் கிட்டத்தட்ட 59 சதவீதம். 525 மில்லிகிராம் என்றால் எடையில் 0.525 சதவீதம். இரண்டு எல்லைகளையும் தாண்டிவிட்டது. சர்க்கரைக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் சோடியத்துக்குப் பதிலாக உப்பு என்று இருந்தால் 2.5-ஆல் வகுக்க வேண்டும். இதை மறந்து உப்பையே சோடியமாக எடுத்துக்கொண்டால் பாதி அலமாரி சந்தேகப் பட்டியலில் வந்து நிற்கும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. சாதாரண ரொட்டிகூட மூன்றாவது வகைக்குள் வந்துவிடும். ஆனால் அது எல்லோருக்கும் டிரிகர் கிடையாது. உப்பில்லாத வறுத்த பருப்புகள் கணக்கில் மாட்டாது. ஆனால் டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டால் நிறுத்த முடியாதவர்கள் உண்டு. கணக்கு யாரைச் சந்தேகிக்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான். குற்றவாளியை உறுதிசெய்ய நாட்குறிப்பு வேண்டும்.

அந்த நாட்குறிப்புக்கு ‘ஏட்’ என்ற படச் செயலி நல்ல தொடக்கம். கலோரியே கேட்காது. தட்டைப் படம் எடுத்து, ஏன் சாப்பிட்டேன், பிறகு எப்படி இருந்தது என்று குறித்தால் போதும். எழுதச் சோம்பல்படுபவர்களுக்கு ஏற்றது. ஆனால் படம் எடுக்கும் நேரத்தில் பாக்கெட் நிறைந்துதான் இருக்கும். எவ்வளவு போனது என்று தெரிய முடித்த பிறகும் ஒரு படம் எடுக்க வேண்டும். பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தேர்வு, கோடு போட்ட ஒரு சாதாரண நோட்டு. எழுதுவதே பலன் தரும் என்பதற்குச் சான்று இருக்கிறது: 2008-இல் வெளியான, அமெரிக்க மருத்துவ அமைப்பான கைசர் பெர்மனென்ட்டேயின் ஆய்வில், ஏறக்குறைய 1,700 பேரில், தினமும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு எடை குறைத்தார்கள். டிரிகர் தேட அந்தக் குறிப்பில் ஏழு கட்டங்கள் வேண்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், உணவின் சரியான பெயர், எடுக்க நினைத்த அளவு, உண்மையில் சாப்பிட்ட அளவு, அதற்கு முந்தைய சாப்பாடு முடிந்து எத்தனை மணி நேரம், எங்கே எப்படி (தட்டிலா, பாக்கெட்டிலிருந்தா, திரை முன்னாலா). நான்காவது கட்டத்தை மட்டும் முதல் வாய்க்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் ‘இவ்வளவுதான் நினைத்தேன்’ என்று மனம் கணக்கைச் சரிக்கட்டிவிடும்.

தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் எதற்கு என்று தோன்றலாம். 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டதில், பதப்படுத்திய உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகப் போனது. அவர்கள் அதை வேகமாகவும் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் பாக்கெட் முடிந்துவிடும் உணவு எது என்பதை அந்த இரண்டு கட்டங்கள் காட்டிக்கொடுக்கும்.

விடுமுறை நாட்களும் உள்ளே வரும்படி இரண்டு வாரம் எழுதுங்கள். ‘சிப்ஸ்’ என்று எழுதிப் பயனில்லை, எந்தச் சுவை என்றும் எழுத வேண்டும். சாதா உப்பில் நிற்கும் கை மசாலாவில் நிற்காமல் போகலாம். இரவில் உட்கார்ந்து நாள் முழுவதையும் நினைவிலிருந்து எழுதினால் நின்றுகொண்டே வாயில் போட்டதெல்லாம் விடுபடும். தவறாகச் சாப்பிட்டதை மட்டும் எழுதுவது அடுத்த பிழை. அளவோடு நிறுத்திய நாட்கள் பதிவில் இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

இரண்டு வாரம் முடிந்ததும் நினைத்த அளவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போன வரிகளை மட்டும் வட்டமிடுங்கள். ஒரே உணவு, பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த இடத்திலும் நான்கில் மூன்று முறை வட்டத்துக்குள் வந்தால் அது உண்மையான டிரிகர். வட்டங்கள் எல்லாம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடந்த பிறகு வந்தவையா? அப்படியானால் உணவின் மேல் பழி போட வேண்டாம், மதியச் சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டி இடைவெளியைக் குறையுங்கள். வட்டங்கள் எல்லாம் ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில் விழுகின்றனவா? மாற்ற வேண்டியது இடத்தை. இந்த மூன்றையும் பிரிக்காமல் பிடித்த உணவை எல்லாம் ஒரே நாளில் வீட்டைவிட்டு அகற்றுபவர்கள்தான் பிறகு கூடுதலாகத் திரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு உணவுகளை மட்டும் விலக்குங்கள்.

தராசு கட்டாயம் வாங்கலாம். 1 கிராம் துல்லியமும் 5 கிலோ கொள்ளளவும் உள்ள சாதாரண டிஜிட்டல் தராசு போதும். கரண்டி அளவு ஏமாற்றும்: ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் 16 கிராம் என்று லேபிள் சொல்லும், குவித்து எடுத்தால் 30 கிராமைத் தொட்டுவிடும். டிரிகர் உணவுக்கு எளிய வழி, திறந்த பாக்கெட்டைச் சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துக் கழிப்பது. தராசு சமதளத்தில் இருக்க வேண்டும். மெத்தென்ற விரிப்பின் மேல் வைத்தால் எண் மாறும். ஐந்து கிராமுக்குக் கீழே அது காட்டுவதை நம்ப வேண்டாம்.

நேரம் வைத்துப் பூட்டும் டப்பாவில் அதிகம் அறியப்பட்டது கிச்சன் சேஃப். இப்போது கேசேஃப் என்ற பெயரில் வருகிறது. ஒரு நிமிடத்திலிருந்து பத்து நாள்வரை நேரம் வைக்கலாம், பூட்டிய பிறகு இடையில் திறக்க வழி கிடையாது. வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் பொருளை அகற்ற முடியாதபோது இது நன்றாக உதவும். கடை நடக்கும் தூரத்தில் இருந்தால் பாதிப் பயன் போய்விடும். குளிர்ப்பெட்டிக்குள் வைக்க வேண்டிய ஐஸ்கிரீமுக்கு இது சரிவராது. வாங்கினால் உள்ளே இருப்பது வெளியே தெரியாத டப்பாவாக வாங்குங்கள். கண்ணெதிரே தெரியும் சாக்லேட் பூட்டுக்குள் இருந்தும் ஆசையைக் கிளப்பும்.

பயன்படுத்தும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆசை வந்த பிறகு பூட்டுவது கடினம். வயிறு நிறைந்த நேரத்தில் பூட்ட வேண்டும். திறக்கும் நேரம் ஒரு முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு விழட்டும்: இரவு 9 மணிக்குப் பூட்டினால் 17 மணி நேரம் வையுங்கள், மறுநாள் பிற்பகல் 2 மணிக்குத் திறக்கும். மாலை ஆறு மணிக்கு, பசியின் உச்சத்தில் திறக்கும்படி வைத்தால் டப்பாவின் எதிரே காத்திருக்கும் பழக்கம்தான் வரும். திறந்ததும் அந்த முறைக்கான பங்கை மட்டும் எடைபோட்டு எடுத்துவிட்டு உடனே மறுபடி பூட்டுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் சர்க்கரை குறையும்போது உடனே தேவைப்படும் எந்த இனிப்பையும் இதில் வைக்கவே கூடாது.

சின்னப் பாக்கெட்டுகளைப் பரிந்துரைக்க மாட்டோம். உண்மையான டிரிகர் உணவு என்றால் ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் பிரிக்கக் கை தயங்காது. உணவுக் கட்டுப்பாட்டில் கவனமாக இருப்பவர்கள் சின்னப் பைகளிலிருந்து கூடுதலாகவே சாப்பிட்டதாக 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. வெளியில் போய் ஒரே ஒரு பங்கு வாங்கி, உட்கார்ந்து சாப்பிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புவது இதைவிட நல்ல ஏற்பாடு.

விலக்கிய உணவை நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு, எடைபோட்ட ஒரு பங்கு, மேசையில், வாரம் ஒருமுறை. மூன்று வாரம் அளவோடு நின்றால் அது மெல்லத் திரும்பி வரலாம். இரண்டு முறை மீறினால் இன்னும் சில வாரம் வெளியிலேயே இருக்கட்டும். தூக்கம் கெட்ட வாரத்தில் சோதிக்க வேண்டாம். அப்போது எந்த உணவும் டிரிகர்போலத்தான் தெரியும்.

நான்காவது செயலியான ரெகவரி ரெக்கார்டு தனி ரகம். உணவுக் கோளாறு உள்ளவர்களுக்காக உருவானது. சாப்பாட்டோடு உணர்வுகளையும் பதிந்து சிகிச்சையாளரோடு பகிரலாம். கட்டுப்பாடு முழுவதும் கைவிட்டுப்போய் ஏராளமாகச் சாப்பிடுவது வாரம் ஒருமுறை என்ற கணக்கில் மூன்று மாதம் தொடர்ந்தால், அதை பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் (கட்டுமீறி உண்ணும் கோளாறு) என்று 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு வரையறுக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்களும், சாப்பிட்டதை வாந்தியெடுத்துச் சரிக்கட்டும் பழக்கம் உள்ளவர்களும் கலோரிச் செயலியையும் பூட்டு டப்பாவையும் தாங்களாக எடுக்க வேண்டாம். கட்டுப்பாட்டை இறுக்கினால் அந்த நோய் கூடும். இரண்டு வார நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். முதல் சந்திப்பில் அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அதில் பதில் இருக்கும்.