விபிஎஸ்ஸா, ஷேர்டு ஹோஸ்டிங்கா? டெல்டாக் கடைகளுக்கு என் பரிந்துரை

நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை, திருபுவனம் பட்டுக்கடை, நவக்கிரகக் கோயில்களுக்கு வண்டி விடும் ஒரு டிராவல்ஸ். கும்பகோணத்தைச் சுற்றி நான் பார்த்துக்கொள்ளும் இணையதளங்கள் இந்த மாதிரியானவை. எல்லாம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓடுபவை. இந்த முறை ஹோஸ்டிங்கை, அதாவது தளங்களை வைக்கும் சர்வர் இடத்தை, புதுப்பிக்கும் சமயத்தில் விபிஎஸ்ஸுக்கு (ஒரு சர்வரில் நமக்கென்றே ஒதுக்கிய தனிப் பகுதி) போகலாமா என்று அலசிப் பார்த்துவிட்டு, பலருடைய தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கையே வைத்துக்கொண்டேன்.

வேகத்தில் விபிஎஸ்தான் மேல், அதில் சந்தேகமில்லை. விலையும் பயமுறுத்தாது. டிஜிட்டல் ஓஷன் என்ற நிறுவனத்தின் பெங்களூரு சர்வரில் 1 ஜிபி நினைவகம் உள்ள விபிஎஸ் மாதம் 6 டாலர். பேக்கப், ஜிஎஸ்டி தனி. நாலைந்து தளங்களை அதிலேயே வைத்தால் கணக்கு இன்னும் குறையும்.

ஆனால் பராமரிப்பு யார் தலையில்? விபிஎஸ்ஸில் எல்லாம் நம் பொறுப்பு. சர்வரை இயக்கும் உபுண்டு மென்பொருளின் 20.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதில் ஓடிய சர்வரை நாம்தான் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். வேர்ட்பிரஸ்ஸை ஓட்டும் பிஎச்பி பழசானால் மாற்றுவதும், நினைவகம் போதாமல் டேட்டாபேஸ் நின்றால் எழுப்புவதும் நம் வேலை. சர்வரிலிருந்து மின்னஞ்சல் வெளியே போகும் வழிகளான போர்ட்டுகளைக்கூட டிஜிட்டல் ஓஷன் அடைத்தே தருகிறது. அதற்குத் தனிச் சேவை பிடிக்க வேண்டும்.

நம் ஊரில் இது கூடுதல் சிக்கல். பட்டு விற்பது தீபாவளிக்கு, விளக்கு விற்பது கார்த்திகைக்கு. இரண்டும் வடகிழக்குப் பருவமழைக்குள்தான் வருகின்றன. கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16. நாகை, திருவாரூர், தஞ்சைப் பக்கம் எத்தனையோ கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் பெங்களூரில் இருக்கும் சர்வருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் ஏதாவது நின்றுபோனால், சார்ஜ் இல்லாத லேப்டாப்போடு, டவரும் இல்லாமல் இங்கிருந்து எப்படிச் சரிசெய்வது? சென்னையிலோ கோவையிலோ இருந்து விளக்கு வாங்க வருகிறவர் நம் ஊர்ப் புயலுக்காகக் காத்திருக்க மாட்டார். ஷேர்டு ஹோஸ்டிங்கில் சர்வரைக் கவனிக்க வேறு ஊரில் ஆள் இருக்கிறார். எனக்கு அதுதான் பெரிது.

குறைகளும் உண்டு. முதல் வருட விலையைப் பார்த்து வாங்கக் கூடாது, புதுப்பிக்கும் விலையைத்தான் பார்க்க வேண்டும். ‘அன்லிமிடெட்’ என்பார்கள், ஆனால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கும். டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, கடைக்காரர் பெயரிலேயே, ஹோஸ்டிங் தருபவர் அல்லாத வேறொரு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். பின்னால் ஹோஸ்டிங்கை மாற்றும்போது யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது.

ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆர்டர் போடும் தளங்களை நான் நடத்தியதில்லை. அவற்றுக்கு, ஆள் வைத்துக் கவனிக்கும் விபிஎஸ் சரியாக இருக்கலாம்.

அப்புறம், பணம் கட்டும் முன் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சாட்டில் கேளுங்கள்: பேக்கப்பிலிருந்து தளத்தை நாமே ரீஸ்டோர் செய்யலாமா (பழையபடி மீட்கலாமா), அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? நேரடியாகப் பதில் வராவிட்டால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.