வேலூரிலேயே ஆடுவதா, சென்னைக்கு அனுப்புவதா?

டென்னிஸில் மின்னும் பிள்ளையை வேலூரிலேயே வைத்திருப்பதா, சென்னையில் விடுதியோடு கூடிய அகாடமிக்கு அனுப்புவதா? இந்தத் தவிப்பில் இருக்கும் பெற்றோர் இரண்டு சாம்பியன்களைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க வீரர் ஆந்த்ரே அகாசியை 13 வயதில் லாஸ் வேகாஸிலிருந்து புளோரிடா அகாடமிக்கு அனுப்பினார் தந்தை. டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் 8 ஒற்றையர் பட்டங்கள் வந்தன. ஆனால் டென்னிஸை வெறுத்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். 1997இல் தரவரிசையில் 141ஆம் இடத்துக்குச் சரிந்தார். 1999இல் பிரெஞ்சு ஓபனை வென்று எழுந்தார். 2001இல் சொந்த ஊர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். அந்த மனம் எனக்கு எல்லாப் பட்டங்களையும்விடப் பெரிது.

ரஃபேல் நடால் ஸ்பெயினில் சொந்த ஊரான மனகோரிலேயே வளர்ந்தார். தந்தையின் சகோதரர் டோனிதான் பயிற்சியாளர். 22 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள், அதில் 14 பிரெஞ்சு ஓபன். 2016இல் அகாடமியையும் மனகோரில்தான் தொடங்கினார்.

சென்னையில் வலுவான எதிராளிகள் கிடைப்பார்கள் என்பது உண்மை. லியாண்டர் பயஸ் அங்கே பயின்றுதான் 1990இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். ஆனாலும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நான் வேலூரைத்தான் சொல்வேன். காட்பாடியில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் சென்னை. போட்டிகளுக்கு வார இறுதியில் போய்வரலாம். கத்திரி வெயிலில் மட்டும் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றிவிடுங்கள். விடுதிப் பேச்சைப் பிள்ளையே வாய்திறந்து கேட்கும்போது எடுக்கலாம்.