வாடகை அட்வான்ஸ், டியூஷன் ஃபீஸ், சிங்கப்பூர் பணம்: எதை எந்த வழியில் வாங்குவது?

ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்ப நான்கு வழிகள் உண்டு: யுபிஐ, நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ். சேமிப்புக் கணக்கில் இந்த நான்கில் எதன் வழியாகப் பணம் வந்தாலும், வாங்குபவரிடம் பொதுவாகப் பிடித்தம் கிடையாது. கட்டணம் என்று ஒன்று இருந்தால் அது அனுப்புபவர் தலையில்தான். ஆகவே "எது மலிவு" என்று மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. எவ்வளவு தொகை, எவ்வளவு அவசரம், எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் பாருங்கள்.

டியூஷன் ஃபீஸ், மெஸ் பில், மாத வாடகை போன்றவற்றுக்கு யுபிஐயை மிஞ்ச ஆளில்லை. நொடியில் வந்துவிடும், இரு பக்கமும் செலவில்லை. ஆனால் நபருக்கு நபர் அனுப்ப நாளொன்றுக்குப் பொதுவாக ஒரு லட்சம் ரூபாய்தான் வரம்பு. போன் மாற்றி யுபிஐயைப் புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய் மட்டுமே. நேற்று போன் மாற்றியவர் "15,000 போக மாட்டேங்குது சார்" என்றால் அது பெரும்பாலும் சாக்கு அல்ல. அவர் கணக்கில் கழிந்து உங்களுக்கு வரவில்லையென்றால், மறுநாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு அவருக்கு உண்டு. இது ரிசர்வ் வங்கியின் 2019 விதி.

ஒரே எண்ணில் இரண்டு மூன்று யுபிஐ ஆப் வைத்திருப்பவர்கள், பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆப்பிலும் முதன்மைக் கணக்காகக் குறித்துவைக்க வேண்டும். "பணம் வரல" என்ற புகார்களில் பல, மறந்துபோன பழைய கணக்கில் விழுந்தவைதான்.

பணம் வாங்க பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. நபர்களுக்கிடையே பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய ஃப்ரிட்ஜ் விற்பவரிடம் "இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று ஏமாற்றுவது நின்றபாடில்லை. ஸ்கேன் செய்தால் பணம் போகும், வராது.

சென்னை வீட்டு அட்வான்ஸுக்கு வருவோம். வாடகை 20,000, பத்து மாத அட்வான்ஸ் என்றால் 2 லட்சம். யுபிஐயில் இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆர்டிஜிஎஸ்ஸின் குறைந்தபட்சத் தொகை 2 லட்சம் என்பதால் இது சரியாகப் பொருந்தும். ஒரு ரூபாய் குறைந்தாலும் ஏற்காது. சாவி கொடுக்கும் நாளிலேயே பணம் வேண்டும் என்றால் ஆர்டிஜிஎஸ்தான் சரி, தொகை காத்திருக்காமல் உடனுக்குடன் ஏறும்.

நெஃப்ட் அரை மணிக்கொரு தொகுப்பாகப் போகும். 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பினால் இலவசம். கிளைக்குப் போய் அனுப்பினால் தொகையைப் பொறுத்து இரண்டரை ரூபாய் முதல் 25 ரூபாய் வரை, ஜிஎஸ்டி தனி. ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் இடைப்பட்ட தொகை, அதுவும் உடனே வேண்டும் என்றால் மட்டும் ஐஎம்பிஎஸ் கேளுங்கள். அதன் உச்சவரம்பு 5 லட்சம். கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும்.

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ் மூன்றிலும் கணக்கு எண்ணையும், வங்கிக் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சியையும் கொடுக்கும்போது கவனம் தேவை. ஐஎஃப்எஸ்சியின் ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்ஜியம், ஆங்கில 'ஓ' அல்ல. லட்சுமி விலாஸ் வங்கியின் பழைய பாஸ்புக்கைப் பார்த்துக் குறியீடு சொல்லாதீர்கள். அந்த வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவுடன் இணைந்து, குறியீடுகளும் மாறிவிட்டன. பணம் போய்ச் சேர்வது எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து அல்ல. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதி இப்போது இருக்கிறது. உங்கள் பெயர் தெரிகிறதா என்று அனுப்புபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாலட் வழி வேண்டாம். முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) இல்லாத வாலட்டிலிருந்து இன்னொருவருக்கு அனுப்பவே முடியாது.

சிங்கப்பூரில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரியில் தொடங்கிய பேநவ்–யுபிஐ இணைப்பு நல்ல வழி. பேநவ் என்பது நம் யுபிஐ போன்ற சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற முறை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலிருந்தே இதில் உண்டு. நாளொன்றுக்கு ஆயிரம் சிங்கப்பூர் டாலர் வரை, யுபிஐ ஐடியை மட்டும் கொடுத்தே வாங்கலாம். மற்ற நாடுகளிலிருந்து ஸ்விஃப்ட் எனும் பன்னாட்டு வங்கி வலையமைப்பு வழியாக வந்தால் இடையில் உள்ள வங்கி ஒரு தொகையைக் கழிக்கக்கூடும். நாணய மாற்றுக்கான ஜிஎஸ்டியும் குறைந்தது 45 ரூபாய் வரும். "கட்டணமே இல்லை" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள், மாற்று விகிதத்தில் எடுத்துவிடுவார்கள். ஆயிரம் டாலர் போட்டால் கையில் எத்தனை ரூபாய் வரும் என்று ஒரே நேரத்தில் இரண்டு சேவைகளில் பார்த்து ஒப்பிடுங்கள்.

எந்த வழியானாலும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருளைக் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கில் ஏறியதைப் பாருங்கள். முன்பின் தெரியாதவர் பணம் போட்டுவிட்டு "தப்பா வந்துடுச்சு, இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்க" என்றால் நீங்களாக அனுப்ப வேண்டாம். அது மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் கணக்கே முடக்கப்படலாம். பரிவர்த்தனையின் குறிப்பு எண்ணோடு உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.